எண்ணும் எழுத்தும்: தண்டுவடக் காயத்தின் நிலையை அறிதல்

தண்டுவடத்தில் அடிபட்டு, வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்புகிற ஒருவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரித்துப் பார்த்தால், மருந்துகளின் பெயர்களுக்கும் எம்.ஆர்.ஐ. விவரங்களுக்கும் நடுவே, ‘சி6, ஆசியா பி’ என்றோ ‘டி10, ஆசியா ஏ’ என்றோ, ஓர் எண்ணும் ஓர் எழுத்துமாக ஒரு சிறு குறிப்பு இருப்பதைக் காணலாம். வீட்டாரில் ஒரு சாரார் அதை ஆயுளுக்கும் மாறாத தீர்ப்பாகக் கொண்டு மனம் உடைந்துபோகிறார்கள்; மற்றொரு சாரார் அது டாக்டர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் சங்கேதம் என்று எண்ணி அந்த வரியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். அடிபட்டவருடைய உடம்பில் குறிப்பிட்ட ஒரு நாளில், பஞ்சும் ஊசியும் பரீட்சிப்பவரின் இரு கைகளும் கொண்டு எடுக்கப்பட்ட அளவு என்பதற்கு மேல் அந்தக் குறிப்புக்கு அர்த்தம் கற்பிக்க வேண்டியதில்லை; ஆயினும் அந்த அளவை வாசிக்கத் தெரிந்தவருக்கு அடுத்த ஓராண்டில் எதை எதிர்பார்க்கலாம், எதற்காக உழைக்கலாம், எதைக் கண்டால் அஞ்ச வேண்டும் என்பதெல்லாம் பெருமளவுக்கு விளங்கிவிடும். ஆகவே அதை வாசிக்கும் முறையை இந்த அத்தியாயத்தில் சற்று விஸ்தாரமாகவே பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். எலும்பு முறிந்த இடம் வேறு, நரம்பு செயலிழந்த இடம் வேறு. கருவில் ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கும் முதுகெலும்பும் தண்டுவடமும் பின்னர் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. எலும்பு நீண்டுகொண்டே போக, தண்டுவடம் பின்தங்கிவிடுவதால், வளர்ந்த மனிதனிடத்தில் அது முதலாம் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் கற்றையாகத் தொங்குகின்றன. கழுத்தில் (சி) முள்ளெலும்புகள் ஏழு, ஆனால் நரம்பு ஜோடிகள் எட்டு. மார்பில் (டி) பன்னிரண்டு, இடுப்பில் (எல்) ஐந்து, அதற்குக் கீழே திரிகப் பகுதியில் (எஸ்) ஐந்து ஜோடிகள். தென்னையிலிருந்து விழுந்த ஒருவருக்குப் பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு நொறுங்கியிருக்குமானால், அந்த எலும்புக்குள் அடங்கியிருப்பது பெரும்பாலும் இடுப்பு நரம்புகளும் திரிக நரம்புகளும் புறப்படுகிற தண்டுப் பகுதியே ஆதலால், அவருடைய நரம்பு நிலை எல்1 என்றோ எல்3 என்றோ வரக்கூடும். எக்ஸ்ரேயில் ஓர் எண், பரீட்சையில் வேறோர் எண் என்று கண்டு, யாரோ தவறாக எழுதிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு; இரண்டும் சரியாகவே இருக்கலாம். மார்புப் பகுதியைச் சிலர் ‘தொராஸிக்’ என்றும் சிலர் ‘டார்சல்’ என்றும் எழுதுவதும் ஒரே பொருளில்தான். நாம் டி10 என்று சொல்லும்போது இரண்டும் அடங்கிவிடுகின்றன.

இனி, இந்த அளவை எடுக்கும் விதம். 1969-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த பிராங்கெல் முதலானோர் வகுத்த ஐந்து படிகளை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கத்தார் 1982-இல் ஒரு பரீட்சை முறையை வெளியிட்டு, 1992-இல் அதைத் திருத்தி, இன்று உலகெங்கும் வழங்குகிற கிரேடுகளை ஏற்படுத்தினர். அச்சங்கத்தின் பெயர்ச் சுருக்கமே ‘ஆசியா’ என்று நம் காகிதங்களில் காணப்படுகிறது. பரீட்சையில் நோயாளி மல்லாந்து படுத்துக் கண்களை மூடிக்கொள்கிறார். பரீட்சிப்பவர் முதலில் அவருடைய கன்னத்தில் பஞ்சால் தொட்டு, இதுதான் இயல்பான ஸ்பரிசம் என்று காட்டிவிட்டு, பின்னர் உடம்பின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களில் அதே பஞ்சால் தொட்டுக்கொண்டு வருகிறார்: கட்டைவிரல் சி6, நடுவிரல் சி7, சுண்டுவிரல் சி8, முலைக்காம்பின் மட்டம் டி4, தொப்புள் டி10, முழங்காலின் உட்புறம் எல்3, குதிகாலின் வெளிப்புறம் எஸ்1. கன்னத்தைப்போலவே தெரிந்தால் 2, மாறுபாடாகத் தெரிந்தால் 1, தெரியாவிட்டால் 0. பிறகு ஊக்கின் கூர் முனையாலும் மொட்டை முனையாலும் மாற்றி மாற்றிக் குத்தி, “கூரா, மொட்டையா?” என்று கேட்கிறார். ஏதோ படுகிறது, ஆனால் கூரா மொட்டையா என்று சொல்ல முடியவில்லை என்றால் அதற்கும் 0-தான். அருகில் நிற்கும் உறவினர் இரக்கத்தினால் “சொல்லப்பா, தெரியுதில்ல?” என்று தூண்டுவது நோயாளிக்குச் செய்யும் உபகாரமாகாது, அன்று பொய்யாக ஏறிய ஓர் எண், மூன்று மாதம் கழித்து எடுக்கும் அளவில் இல்லாத இறக்கத்தைக் காட்டி எல்லோரையும் கலங்க வைக்கும்.

தசைகளின் பலத்தைப் பார்ப்பதற்கென்று பக்கத்துக்குப் பத்து அசைவுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கையில், முழங்கையை மடக்குவது சி5, மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்துவது சி6, முழங்கையை நீட்டுவது சி7, நடுவிரலின் நுனிக்கணுவை மடக்குவது சி8, சுண்டுவிரலைப் பக்கவாட்டில் விலக்குவது டி1. காலில், தொடையைத் தூக்குவது எல்2, முழங்காலை நீட்டுவது எல்3, பாதத்தை மேல்நோக்கி மடிப்பது எல்4, பெருவிரலை நிமிர்த்துவது எல்5, பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்துவது எஸ்1. ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். இவற்றுள் 3 என்பதே முக்கியமான படி, ஏனெனில் பூமியின் இழுப்பை எதிர்த்து அவயவத்தை முழுமையாக அசைக்கிற சக்தி அந்தப் படியில்தான் தொடங்குகிறது. மேலேயுள்ள தசைகளெல்லாம் 5 பெற்றிருக்க, 3-க்குக் குறையாமல் பெற்ற கடைசித் தசை எதுவோ அதுவே இயக்க நிலை. தொடுவதும் குத்துவதும் இரண்டும் இயல்பாக இருக்கிற கடைசி இடம் எதுவோ அது உணர்ச்சி நிலை. மார்பின் நடுப் பகுதிக்கென்று தனியே பரீட்சிக்கத்தக்க தசை இல்லாமையால், அங்கே உணர்ச்சி நிலையையே இயக்க நிலையாகவும் கொள்கிறார்கள்.

ஆக, வலம், இடம், இயக்கம், உணர்ச்சி என்று நான்கு நிலைகள் கிடைக்கின்றன. சம்மரியில் ஒரே எண்ணாக எழுதப்படுவது இந்த நான்கில் மிகவும் மேலே இருப்பது. வலக்கை சி5-இல் நின்றுவிட, இடக்கை சி8 வரை உயிரோடு இருக்குமானால், காகிதத்தில் சி5 என்றுதான் வரும். இடக்கையால் பேனா பிடித்துக் கையெழுத்துப் போடக்கூடியவரை அந்த ஓர் எண்ணைக் கொண்டு மதிப்பிட்டால் எவ்வளவு அநியாயம்! மேலும், அந்த இடக்கை நாளுக்கு நாள் வலுத்து வந்தாலும் வலக்கை அசையாத வரையில் எண் மாறப்போவதில்லை. ஆதலால் ஒற்றை எண்ணோடு திருப்தியடையாமல், நான்கு நிலைகளையும் தசைகளின் மதிப்பெண்களையும் குறித்த முழுப் பரீட்சைத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு காரியத்தைச் செய்வதாக இருந்தால், இதைச் செய்யுங்கள்.

எழுத்தைத் தீர்மானிக்கிற இடம் உடம்பிலேயே மிகவும் கீழானது, வெளியே பேசக் கூச்சப்படுகிற இடம்: ஆசனவாயும் அதைச் சுற்றியுள்ள தோலும். தண்டுவடத்தின் கடைசித் திரிக நரம்புகளான எஸ்4, எஸ்5 போய்ச் சேருகிற இடம் அது. வாய்க்காலின் கடைமடை வயலில் ஒரு சொட்டு நீர் கசிந்தாலும் நடுவழியில் அடைப்பு முற்றானதல்ல என்று விவசாயி அறிகிறாற்போல, அந்த இடத்தில் தொடுவதோ குத்துவதோ விரலின் அழுத்தமோ தெரிந்தாலும், அல்லது நோயாளி தம் விருப்பப்படி அந்தத் தசையைச் சுருக்க முடிந்தாலும், காயம் முழுமையற்றது, அதாவது ‘இன்கம்ப்ளீட்’. இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் கிரேடு ஏ. உணர்ச்சி மட்டும் கடைசிவரை வந்து, காயத்தின் நிலைக்கு வெகு கீழே இயக்கம் இல்லையென்றால் பி. இயக்கமும் இருந்து, அந்தப் பத்து வகைத் தசைகளில் காயத்துக்குக் கீழேயுள்ளவற்றுள் பாதிக்கும் குறைவானவையே 3-ஐ எட்டியிருந்தால் சி. பாதியோ அதற்கு மேலோ எட்டியிருந்தால் டி. முன்பு பாதிக்கப்பட்டிருந்தவர் எல்லாவற்றிலும் இயல்பு நிலைக்குத் திரும்பினால் ஈ. கூச்சத்தினாலோ அவசரத்தினாலோ இந்தக் கீழ்ப் பரீட்சையைச் செய்யாமலே ‘ஏ’ என்று எழுதிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. செய்தீர்களா என்று கேட்பதற்கு வீட்டாருக்குப் பூரண உரிமை உண்டு.

நிலை எவ்வாறு மாறுகிறது என்பதற்கு வருவோம். அடிபட்ட முதல் சில மணி நேரத்து அளவை யாரும் பெரிதாக நம்புவதில்லை. மயக்க மருந்தும், தலைக்காயமும், வலியும், சில சமயம் மதுவும் சேர்ந்து பரீட்சையைக் கெடுத்துவிடும். 72 மணி நேரம் கழிந்தபின் எடுக்கும் அளவே ஒப்பிடுவதற்கு ஆதாரமானது. இந்த ஆரம்ப காலத்தில் தண்டுவடம் அதிர்ச்சியில் உறைந்து, காயத்துக்குக் கீழே அவயவங்கள் துவண்டு கிடக்கும். சில நாளிலோ சில வாரத்திலோ அந்த உறக்கம் கலைந்து, கால்கள் விறைக்கவும் வெட்டி வெட்டி இழுக்கவும் தொடங்கும். போர்வையை விலக்கியதும் கால் துள்ளுவதைக் கண்டு, “கால் அசைஞ்சிடுச்சு!” என்று ஆனந்தக் கண்ணீர் வடிக்கிற தாய்மார்களிடம் உண்மையைச் சொல்வது கடினமான காரியம், என்றாலும் சொல்லத்தான் வேண்டும். அது மூளையின் கட்டளையின்றித் தண்டுவடம் தானாகச் செய்யும் அனிச்சைச் செயல். சந்தேகம் தீர ஒரு வழி உண்டு: அசைக்கச் சொல்லுங்கள், நிறுத்தச் சொல்லுங்கள், மறுபடி அசைக்கச் சொல்லுங்கள். மூன்று முறையும் சொன்னபடி நடந்தால் பிஸியோதெரபிஸ்டை அழைத்துக் காட்டலாம்.

உண்மையான மீட்சி பெரும்பாலும் முதல் ஆறு முதல் ஒன்பது மாதங்களில் வேகமாக நடந்து, ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்குள் மந்தமாகிறது. வீக்கம் வடிவதால் நசுங்கியிருந்த நரம்புகள் விழித்துக்கொள்வதும், தண்டுவடத்தை விட்டு வெளியேறும் வேர்கள் தேறுவதும், பாதி உயிரோடு இருந்த தசைகள் பயிற்சியால் திரள்வதும் இதற்குக் காரணங்கள். நிலை உடம்பில் கீழே இறங்குவது நன்மை, மேலே ஏறுவது கெடுதல் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். சி5 என்பது சி6 ஆனால் ஒரு நரம்பு நமக்குத் திரும்பக் கிடைத்தது என்று அர்த்தம். கழுத்தில் முழுமையான காயம் பட்டவர்களிலும் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இவ்வாறு ஒரு படியாவது பெறுகிறார்கள். முதல் மாதத்தில் 1 அல்லது 2 மதிப்பெண் காட்டுகிற தசை காய எல்லைக்கு அடுத்தாற்போல் இருக்குமானால், அது 3-ஐ எட்டுவதற்கு நல்ல சாத்தியம் உண்டு. முற்றிலும் 0-ஆக இருக்கும் தசைக்கு அந்த அனுகூலம் குறைவு. வெறும் துடிப்பாக மட்டுமே தெரிகிற அசைவை அலட்சியம் செய்யாமல் அதையே தேடிப் பயிற்சி கொடுக்க வேண்டியது இதனால்தான்.

ஒரு படி என்றால் கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். சி5 நிலையிலுள்ளவர் முழங்கையை மடக்கிக் கையை வாயருகே கொண்டுபோவார். ஆயினும் கரண்டியைக் கையோடு வாரால் பிணைத்துக் கொடுத்தால்தான் உண்ண முடியும். சி6 வந்துவிட்டால் மணிக்கட்டு நிமிரும். மணிக்கட்டு நிமிரும்போது, விரல்களுக்கு நரம்புச் சக்தி சிறிதும் இல்லாதிருந்தும், அவற்றின் நாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாகவே உள்ளங்கையை நோக்கி மடங்கி, கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கத்தில் வந்து பொருந்துகிறது. மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரிகிறது. இந்தப் பிடி ஒன்றை வைத்துக்கொண்டே டம்ளரை எடுப்பவர்களும், பல் துலக்குபவர்களும், செல்போனை இயக்குபவர்களும் உண்டு. இத்தகைய அருமையான உபாயத்தை நம் வீடுகளில் அன்பினாலேயே அழித்துவிடுகிறார்கள்: விரல்கள் மடங்கிப் போகின்றனவே என்று கவலைப்பட்டு, எண்ணெய் தடவி, மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நிமிர்த்தி நீவி நீவி இழுத்து, நாண்களைத் தளர்த்திவிட்டபின் அந்தப் பிடி திரும்புவது அரிது. மணிக்கட்டு நிமிர்ந்திருக்கையில் விரல்களை மடக்கியே வைக்க வேண்டும். விரல்களை விரிக்கும்போது மணிக்கட்டைக் கீழே தொங்கவிட வேண்டும். இந்த விதியை எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்தாலும் தகும்.

சி7-க்கு இறங்கினால் முழங்கை நீளும். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிச் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறவும், நெடுநேரம் உட்கார்ந்திருக்கையில் பிட்டத்தை உயர்த்திப் படுக்கைப்புண்ணைத் தவிர்க்கவும் இவரால் கூடும். பிறர் துணையோடு வாழ்வதற்கும் பகலில் தனியே வீட்டில் இருக்கக்கூடியதற்கும் இடையேயுள்ள வித்தியாசம் பலருக்கு இந்த ஒரு தசையில் இருக்கிறது.

எழுத்தின் மாற்றம் இதைவிட அரிது. முதல் மாதத்தில் ஏ என்று குறிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் ஏ-யாகவே நிற்கிறார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை. பி பெற்றவர்களுள் பஞ்சின் ஸ்பரிசம் மட்டும் தெரிகிறவர்களைவிட ஊசியின் கூரும் தெரிகிறவர்கள் நடக்கும் வாய்ப்பு அதிகம். கூர்மையை ஏற்றிச் செல்லும் பாதை தண்டுவடத்தில் இயக்கக் கட்டளைகள் இறங்கும் பாதைக்கு அணித்தாக ஓடுவதே இதற்குச் சொல்லப்படும் காரணம். டி பெற்றவர்கள் அநேகமாக எல்லோருமே ஓரளவாவது நடந்துவிடுகிறார்கள். வயோதிகர் தடுக்கி முகம்குப்புற விழுந்து கழுத்து பின்னால் மடங்குகையில் நேரும் காயத்தில், தண்டின் நடுப்பகுதி அதிகம் கெட்டு, கால்களைவிடக் கைகள் கூடுதலாகச் செயலிழக்கும். இவர்கள் நடப்பார்கள், சட்டைப் பொத்தானைத்தான் போட மாட்டார்கள்.

காலவரையறை என்பது எல்லோருக்கும் பொருந்திவிடுவதில்லை என்பதற்கு நடிகர் கிறிஸ்டபர் ரீவின் சரித்திரத்தைச் சொல்வதுண்டு. 1995 மே மாதம் வர்ஜீனியாவில் குதிரைப் போட்டியில் விழுந்து, கழுத்தின் முதலிரண்டு முள்ளெலும்புகள் முறிந்து, சி2 நிலையில் கிரேடு ஏ ஆனவர் அவர். ஐந்தாண்டுகள் வரை குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பின்னர் ஓர் ஆள்காட்டி விரல் சொன்னபடி அசைந்தது. 2002-இல் அவருடைய டாக்டர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, நூற்றுக்கு 0-ஆக இருந்த இயக்க மதிப்பெண் 20 ஆயிற்று, எழுத்து ஏ-யிலிருந்து சி-க்கு மாறிற்று. இதைச் சொல்லி நம்பிக்கையூட்டுகிறவர்கள் பாதியையே சொல்கிறார்கள். இயந்திரச் சைக்கிளும் நீச்சல்குளமும் பயிற்சியாளர் பட்டாளமும் வாய்த்த அவருக்கும் நடை வரவில்லை. சுவாச இயந்திரத்தை முற்றிலும் துறக்கவும் முடியவில்லை. உடம்பில் பெரும் பகுதிக்கு ஸ்பரிசம் திரும்பியதை அவர் பெரும் பேறாகக் கருதினார் என்பதும் இதோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது.

மார்புப் பகுதியில் முழுமையான காயம் பட்டவருக்கு எண்ணும் எழுத்தும் பெரும்பாலும் நகர்வதில்லை. டி8 என்பது டி9 ஆனாலும் அன்றாட வாழ்க்கையில் வேற்றுமை தெரியாது. அங்கே மாறக்கூடியது திறமை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, பின்பு நியூயார்க் சென்று புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட புனர்வாழ்வு நிலையம் அவருடைய முயற்சியால் உருவானது. அவருடைய கால்கள் கடைசிவரை அசையவில்லை. டி6-உம் அதற்கு மேற்பட்ட நிலைகளும் உள்ளவர்கள் மட்டும் ஒன்றில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்: மூத்திரக் குழாய் அடைபட்டாலோ மலம் கட்டினாலோ இரத்த அழுத்தம் திடீரென்று எகிறி, மண்டையிடியும் முகத்தில் வியர்வையும் தோன்றினால், உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணிகளைத் தளர்த்தி, குழாயைச் சோதிக்க வேண்டும், தணியாவிட்டால் அவசரமாக ஆஸ்பத்திரிக்கு.

நிலை மேலே ஏறுகிற சங்கதியும் உண்டு. அடிபட்ட முதல் வாரத்தில் வீக்கத்தினால் ஓரிரு படி ஏறிப் பின்னர் இறங்குவது சாதாரணம். பல மாதங்களோ பல ஆண்டுகளோ கழித்து ஏறுவது அப்படியன்று. தண்டுவடத்தினுள் நீர் நிறைந்த குழிவு உண்டாகி மேல்நோக்கிப் பரவுவதால் அது நேரலாம். கை சூடு குளிர் அறியாமற் போவது, இருமினால் தோளிலும் கையிலும் புதிதாக வலி பாய்வது, நேற்றுவரை பிடித்த டம்ளர் இன்று நழுவுவது, இயல்புக்கு மாறான வியர்வை ஆகியவை இதன் லக்ஷணங்கள், எம்.ஆர்.ஐ. எடுப்பதில் தாமதம் கூடாது. ஆனால் வருஷக்கணக்கில் சக்கரத்தைத் தள்ளுகிறவர்களுக்கு மணிக்கட்டிலும் முழங்கையிலும் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போவதும், மூத்திரத் தொற்றோ புண்ணோ காய்ச்சலோ உள்ள நாளில் விறைப்பு மிகுந்து பலம் குன்றினாற்போல் தோன்றுவதும் நிலைமாற்றத்தில் சேராதவை. எது எதுவென்று பிரித்தறிய டாக்டருக்கு உதவுவது பழைய பரீட்சைத் தாள்தான். ஆகையால் ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் என்று எடுத்த தாள்களை அடையாள அட்டையோடு ஒரே உறையில் போட்டு வைத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் தேதியையும், அன்று காய்ச்சலோ புண்ணோ இருந்ததா என்பதையும் பென்சிலால் குறித்துவிடுங்கள்.